சாரலில் பார்த்த கார்டு

நாற்பதை நெருங்கி, காதோரத்து நரையை மருதாணி போட்டு மறைத்துக்கொண்டிருக்கும் நம் வயசுக்காரர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். கேம் சிடியைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, அது உள்ளே கரகரவென்று சுற்றுகிற சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, ஓடுமா ஓடாதா என்று அல்லாஹ்விடம் துஆ கேட்டவர்கள் நாம். இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். என் மகனே சிரிக்கிறான்.

போன வாரம் அவன், கம்ப்யூட்டரில் கேமின் காட்சியை ஓட்டுகிற பழைய கிராபிக்ஸ் கார்டு இரண்டின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, எதை வாங்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். ஒன்று கொஞ்சம் பழசு, சின்னது, கரண்ட் அதிகம் குடிக்காது. இன்னொன்று அதைவிடப் பழசு, ஆனால் அதன் காலத்தில் ராஜாவாம். யாரோ ஒருவர் இரண்டையும் ஒரே கேமில் அக்கம்பக்கமாக ஓடவிட்டுக் காட்டியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு, "ரொம்பப் பழசுதாம்மா நல்லா ஓடுது. குடுக்குத காசுக்கும் அதுதான் தோது" என்றான்.

"எந்த மாசத்துல ஓட்டிப் பாத்தாங்கன்னு போட்டிருக்காங்களாலே?" என்று கேட்டேன். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பதுபோல் பார்த்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பயம், அவ்வளவுதான். இரண்டு கார்டு, எது நல்லது என்று வீட்டில் யாராவது பேசினாலே இன்றைக்கும் என் கண் ஜன்னலுக்குப் போகும். எனக்குப் பன்னிரண்டு வயதில் வந்த ஒரு சீசனின் மிச்சம் அது.

அப்போது நாங்கள் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், அருவிக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தோம். என்னைப் பெற்ற அத்தா எனக்கு விவரம் தெரியுமுன்னே மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். அம்மா, அண்ணன், நான், மூன்றே பேர். சீசன் வந்துவிட்டால் முன்பக்கத்து ஹாலையும் அறையையும் குளிக்க வருகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, நாங்கள் அடுப்படியில் முடங்கிக்கொள்வோம். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் அதுதான் வழக்கம். சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி ஓசைப்படாமல் நடக்க வேண்டும். வருஷத்தின் மிச்ச நாட்களை மாமா அனுப்புகிற பணம் பார்த்துக்கொள்ளும்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். வளைகுடாவில் இருந்தார். லீவுக்கு வந்தால் சரியாகச் சாரல் காலத்தில்தான் வருவார். முதலில் அத்தர் வாசனை வரும், பின்னால் அவர் வருவார். அவர் ஒருவரையும் அடித்ததில்லை, குரலை உயர்த்தி நான் கேட்டதும் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் எதுவானாலும் அவர் வாயிலிருந்து வருவதுதான் முடிவு. அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் அண்ணன் உட்காரமாட்டான். அந்த அத்தர் வாசனை தெருமுனையில் கிளம்பும்போதே நான் பாடப்புத்தகத்தை விரித்துக்கொள்வேன், தலைகீழாகப் பிடித்திருக்கிறேனா என்றுகூடப் பார்க்கமாட்டேன்.

அந்த வருஷம் அண்ணன் டிப்ளமோ முடித்திருந்தான். தென்காசியில் ஒரு பிரவுசிங் சென்டர் அண்ணாச்சியிடம் வேலைக்கு இருந்து கம்ப்யூட்டர் பெட்டி கழற்றிப் பூட்டப் பழகியிருந்தான். இந்த சீசனுக்கு ஹாலை யாருக்கும் விடவேண்டாம், நான் கேம் சென்டர் போடுகிறேன் என்று அம்மாவிடம் நின்றான். அம்மாவுக்கு ஆமென்று சொல்லவும் தைரியமில்லை, இல்லையென்று சொல்லவும் மனமில்லை. மாமாவுக்குப் போன் போட்டார்கள்.

எஸ்.டி.டி. பூத்தில் ரிசீவரை எல்லாரும் கேட்கும்படி அண்ணன் சாய்த்துப் பிடித்திருந்தான். "செய்யட்டும். ஒரு சீசன் பாப்போம். ஓடுச்சுன்னா இங்கனயே இருந்துக்கிடட்டும். ஓடலன்னா என்கூடக் கெளம்பி வந்துரட்டும். விசாவுக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றார் மாமா.

அன்றைக்குத்தான் என் பயம் தொடங்கியது. எங்கள் தெருவில் என்னோடு படித்த பாதிப் பிள்ளைகளின் அத்தாமார்கள் சுவரில் போட்டோவாகத்தான் இருந்தார்கள். உயிரோடு இருக்கிறவர்கள்தான், ஆனால் பிள்ளைகள் சட்டை வாங்கினால் போட்டோவிடம் காட்டுவார்கள். எனக்கு அத்தாவும் இல்லை. காலையில் எனக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டு, சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுவிட்டது அண்ணன்தான். அவனும் சுவரில் ஏறிவிடுவான் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

ஹாலில் மூன்று சிஸ்டம் போட்டான். அண்ணாச்சி கழித்துக் கட்டிய பெட்டிகள். பழைய கேம் எல்லாவற்றிலும் ஓடும். ஆனால் அப்போது புதிதாக ஒரு கார் ரேஸ் வந்து, பையன்கள் எல்லாரும் அதற்குத்தான் பறந்தார்கள். அதற்குத் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். தென்காசி முழுக்கத் தேடினாலும் நம் கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்காத சாமான் அது.

ஆனி பிறந்ததும் சாரலும் வந்தது, மாமாவும் வந்தார். அவர் சூட்கேஸைத் திறந்தால் சோப்பு, பவுடர், பால்பவுடர் எல்லாம் கலந்து ஒரு வாசனை வரும், இன்றைக்கு எந்தக் கடையிலும் அது கிடையாது. கம்பளிக்கு நடுவிலிருந்து இரண்டு கார்டுகளை எடுத்துக் கட்டிலில் வைத்தார். அவருடைய கம்பெனி ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிப் போட்டபோது கேட்டு வாங்கினாராம்.

"ஒண்ண நீ எடுத்துக்கோ. இன்னொண்ணு பாவூர்சத்திரத்துல கமிஷன் கடை வச்சிருக்கானே என் கூட்டாளி, அவன் மவனுக்கு. வாக்குக் குடுத்துட்டேன்" என்றார்.

ஒன்று பெரியது. தடித்த உலோகப் பட்டைகளும் அதன்மேல் ஒரு குட்டி விசிறியுமாக, கையில் வாங்கினால் கனத்தது. இன்னொன்று அதில் பாதி நீளம்தான். விசிறியே கிடையாது, சீப்புப் பல் மாதிரி வெள்ளைப் பட்டை மட்டும். வேடிக்கை என்னவென்றால், ஒட்டியிருந்த சீட்டில் நினைவக நம்பர் சின்னதுக்குத்தான் இரண்டு மடங்கு இருந்தது. அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, "நம்பர் பெருசா இருக்கதத்தாம்லே எடுக்கணும். இதுல என்ன யோசனை" என்று ஒரே அடியாக அடித்துவிட்டார்.

"சாக்கு பெருசா இருந்து என்ன அண்ணாச்சி, தூக்குத ஆளுக்குத் தெம்பு வேணும்லா? சின்னதுல சாக்குதான் பெருசு. தெம்பு பெருசுலதான் இருக்குன்னு தோணுது. போட்டுப் பாத்துருதேன்" என்றான் அண்ணன்.

போட்டுப் பார்த்தோம். அண்ணன் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். இரண்டு கார்டுக்கும் ஒரே பெட்டி, ஒரே கேம், ஒரே சாலை. ஒரு பாலம் தாண்டி வளைவு வரும், அங்கே வரிசையாக மரம் நிற்கும், அந்த இடத்தில்தான் படம் திக்கும். வினாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று திரையின் மூலையில் காட்டுகிற எண்ணை அவன் பார்ப்பான், மரத்தைப் பார்ப்பது என் வேலை. சின்னக் கார்டில் அந்த எண் இருபதைத் தாண்டத் திணறியது, மரங்கள் தவளை மாதிரி தத்தித் தத்தி வந்தன. பெரிய கார்டில் எண் நாற்பதுக்குக் கீழே இறங்கவில்லை. மரங்கள் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போயின. அண்ணன் என் சடையைப் பிடித்து இழுத்தான், சந்தோஷம் வந்தால் அப்படித்தான் செய்வான்.

இதெல்லாம் நடந்தது மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில். மலையிலிருந்து சாரல் காற்று நேராக அந்த ஜன்னலில்தான் வந்து மோதும். பெட்டிக்குக் காற்று வேண்டும், ஆனால் தூவானம் பட்டால் போச்சு. அதனால் அண்ணன் பழைய வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தான். வேட்டி நனையும், காற்று அதற்குள் நுழைந்து ஜில்லென்று வரும். "காசில்லாத ஏசிட்டி" என்று பெருமையடித்துக்கொள்வான். சின்னக் கார்டு அன்றைக்கே மாமாவோடு பாவூர்சத்திரம் போய்விட்டது.

எங்கள் ஊரில் இடம் விற்கிற புரோக்கர்கள் வெளியூர்க்காரர்களைச் சாரலில்தான் கூட்டிவருவார்கள். அந்தக் குளிரில், அந்தப் பச்சையில் பாறையைக் காட்டினாலும் வாங்கிவிடுவார்கள். சீசனில் இடம் பார்க்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் பால்காரருக்குக்கூடத் தெரியும். ஆனால் சாரலில் கார்டு பார்க்கக் கூடாது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடை ஓடியது. மெயினருவியில் தண்ணீர் ஆர்ப்பரித்துக் குளிக்கத் தடை போட்டுவிட்டால், ஊர் ஊராக வந்த பையன்கள் தலையில் எண்ணெயோடு எங்கே போவார்கள்? எங்கள் ஹாலுக்குத்தான் வருவார்கள். கீபோர்டெல்லாம் மசாஜ் எண்ணெய். ஈரத் துண்டும் மிளகாய் பஜ்ஜியும் ரம்புட்டான் தோலுமாக ஒரு வாடை. ஈரக்காலோடு பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கும். அதனால் அம்மா எல்லாரையும் பலகைமேல் ஏற்றி உட்கார வைத்தாள். அருவியில் தடை என்று பஸ் கண்டக்டர் கத்திக்கொண்டு போனால், ஊரே முகம் சுளிக்கும்போது நாங்கள் மட்டும் சிரிப்போம்.

எனக்கு அந்தச் சிரிப்பு முழுசாக வந்ததில்லை. கார்டின் குட்டி விசிறிச் சத்தம் என் காதுக்குப் பழகிவிட்டது. காற்று அடிக்கிற மட்டும் அது மெல்ல முனகும். காற்று சற்றே தளர்ந்தால் உய்யென்று குரல் ஏறும். அப்போது திரையில் மரத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வரும். மறுபடி காற்று வந்தால் புள்ளி போய்விடும். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. அண்ணனிடம் சொன்னேன். "திரை பழசு" என்றான். நான் அடுப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போதும் காது ஹாலிலேயே கிடந்தது. குரல் ஏறினால் பென்சில் நின்றுவிடும். அந்தக் குட்டி விசிறி நின்றால் அண்ணன் போய்விடுவான் என்று எனக்குள் ஒரு கணக்கு. யாராவது கேட்டிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

ஆடி நடுவில் சாரல் பொய்த்தது. அப்படியும் ஆவதுண்டு. மலைமேல் மேகம் ஒதுங்கி, அருவி நூலாகி, வெயில் சித்திரை மாதிரி விழுந்தது. கூட்டம் கரைந்தது. ஜன்னலில் கட்டிய வேட்டி காய்ந்து மொடமொடவென்று நின்றது. கார்டு சூடேறி, விசிறி நாள் முழுக்க உய்யென்றே கத்தியது. என் பயம் எனக்கு முன்னால் எழுந்து வீடு முழுக்க நடமாடியது.

அந்த வெயிலில் ஒரு மத்தியானம், துவைத்த துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். கிணற்றடித் தொட்டிக்குப் பக்கத்தில் மாமா பனியனோடு குந்தியிருந்தார். செம்பில் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். குளிக்கிற மாதிரி இல்லை. சோப்பு இல்லை, துண்டு இல்லை. ஊற்றுகிறார், மூச்சு வாங்குகிறார், மறுபடி ஊற்றுகிறார். செம்பு பிடித்த கை நடுங்கியது, தொட்டி விளிம்பில் அது டக்டக்கென்று தட்டியது. என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார்.

"ஏட்டி, இந்த வெயிலு எப்பட்டி போவும்?" என்று என்னிடம் கேட்டார்.

மாமா என்னிடம் கேட்கிறார்.

"இங்கன இப்படி அடிக்காதுன்னுல்லா நெனச்சி வந்தேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஊற்றிக்கொண்டார்.

நான் அம்மாவிடம் ஓடினேன். "மாமா கெணத்தடியில தண்ணிய ஊத்திக்கிட்டு நடுங்குதாங்கம்மா" என்றேன். "ஊரு தண்ணி ஒத்துக்கிடல. குளிர்காய்ச்சலா இருக்கும்" என்று அம்மா உடனே சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்தாள். கொதிக்கக் கொதிக்க என் கையில்தான் கொடுத்துவிட்டாள். மாமா அதை வாங்கிக் குடித்தார். நெற்றியிலிருந்து வேர்வை அந்தத் தம்ளருக்குள்ளேயே சொட்டியது. தங்கச்சி கொடுத்ததை வேண்டாமென்று சொல்லத் தெரியாத மனுஷன்.

அந்தக் கஷாயம் உள்ளே கொதிக்க, கடை எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஹாலுக்கு வந்தார். வந்து சேர்ந்ததிலிருந்து பக்கவாசல் வழியாகவே போய்வந்த அவர் கடைக்குள் கால்வைத்தது அன்றைக்குத்தான். மூன்று திரையும் அனலை ஊதிக்கொண்டிருந்தன. கடையத்திலிருந்து வந்த இரண்டு காலேஜ் பையன்கள் பெரிய கார்டு போட்ட சிஸ்டத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். விசிறியின் குரல் ஏறியது. யா அல்லாஹ், இப்போது வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பாலத்து மரங்கள் இல்லை. கலர் கலராகச் சதுரங்கள் திரை முழுக்கச் சிதறி, கார் காற்றில் தொங்கி நின்றது.

"என்னண்ணே, மறுபடியும் நின்னுட்டு" என்றான் ஒரு பையன். அண்ணன் பெட்டியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். பாலம் வருமுன்னே மறுபடி சதுரம். பையன்களுக்குக் காற்றடிக்க வைத்திருந்த மேசை விசிறியைப் பிடுங்கிக் கார்டின் பக்கம் திருப்பினான். பையன்கள் எழுந்து போய்விட்டார்கள்.

மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது. கோபம் என்று நான் நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

"ஏலே, இந்தச் சூட்டுல ஒரு மனுசன் உக்காந்து தொழில் பண்ண முடியுமாலே?" என்றார்.

"சாரல் வந்துரும் மாமா. வந்துட்டுன்னா நல்லா ஓடும், நீங்க பாக்கத்தான் இல்ல. கார்டு நல்ல கார்டு" என்றான் அண்ணன்.

"சாரல் போன பொறவு?"

அண்ணன் மேசை விசிறியைக் கார்டுக்கு இன்னும் கிட்டே தள்ளிவைத்தான். சின்னக் கார்டு பாவூர்சத்திரத்தில் தத்தித் தத்தியாவது, நிற்காமல் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

"அங்கன பூரா ஏசிதான். ரூமுக்குள்ளயே வேல. இங்கன கெடந்து வேகணும்னு ஒனக்கென்ன தலையெழுத்து? என்கூட வா" என்றார்.

கதவுக்கு இந்தப் பக்கமிருந்து அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "மாமா சொல்லுததும் நியாயந்தான்யா. இந்த ரூம்புல மனுசன் இருக்க முடியுதா?" என்றாள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். என்ன சொல்லி இழுப்பது என்று தெரியவில்லை. கிணற்றடியில் பார்த்ததற்கும் இதற்கும் ஏதோ முடிச்சு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது, அதை அவிழ்க்கிற வயசு இல்லை. என் வாய் கோணிக்கொண்டு அழுகைதான் வந்தது. "பிள்ள பசியில இருக்கா" என்றாள் அம்மா.

சூடு தாங்காது என்று சொல்லி அண்ணனை வளைகுடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார் மாமா. நினைத்தால் சிரிப்பு வரவேண்டும், எனக்கு வந்ததில்லை. அவர்கள் கிளம்பிய மறுவாரம் சாரல் திரும்ப வந்தது. ஹாலில் யாரோ மதுரைக்காரக் குடும்பம் தங்கியிருந்தது. நான் அடுப்படியில் படுத்துக்கொண்டு, முனகாத விசிறியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சடை பின்ன ஆளில்லாமல் அம்மா முடியைக் குட்டையாக வெட்டிவிட்டாள்.

மாமாவைப் பற்றி இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அவர் பொய்யர் இல்லை. ஒருவேளை அண்ணனுக்காவது ஏசி ரூம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நம்பியிருப்பார். இல்லை, அந்தப் பாலைவன வெயிலில் தனியாக நிற்கப் பயந்தாரோ என்னவோ. அதைக் கேட்க இன்றைக்கு அவர் இல்லை. அத்தர், சூட்கேஸ், வெள்ளைச் சட்டை, குளிர்ந்த காற்று, அதுதான் எங்களுக்கு வளைகுடா. அவரையும் நாங்கள் சாரலில்தான் பார்த்திருந்தோம்.

அண்ணன் இந்த ஆனியிலும் வருகிறான். என் மகனுக்கு இப்போது அவன்தான் மாமா. என்ன வாங்கிவருவான் என்று பிள்ளை நாள் எண்ணுகிறான். "ஒரு தடவ சித்திர வெயில்ல வாயேண்ணே, பிள்ளையும் பாக்கட்டும்" என்று போனில் சொன்னேன். சிரித்துவிட்டு வேறு பேச்சு பேசினான்.

முதல் லீவில் அவன் வந்தபோதும் சாரல்தான். அத்தர் வாசனை வந்தது, பின்னால் அவன் வந்தான். நான் புத்தகத்தை எடுக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டேன். கழுத்தும் முழங்கைக்குக் கீழேயும் கருகியிருந்தது. சட்டையைக் கழற்றினால் உள்ளே பழைய அண்ணனின் நிறம், கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு. "கடல்காத்து பட்டா கறுக்கத்தான் செய்யும்" என்றாள் அம்மா. "ஏசி ரூமுதான?" என்று கேட்டாள். "ஏசிதாம்மா" என்றான்.

அன்று மத்தியானம் பீரோவிலிருந்து அந்தப் பெரிய கார்டை எடுத்தான். துணியைப் பிரித்து, மிச்சமிருந்த ஒரு பெட்டியில் பொருத்தி, அவனுக்காக அந்த வருஷம் யாருக்கும் விடாமல் வைத்திருந்த ஹாலில், மேற்கு ஜன்னல் பக்கம் வைத்து ஓட்டினான். பாலத்து மரங்கள் தண்ணீர் மாதிரி போயின. ஒரு புள்ளி வரவில்லை. "பாத்தியாட்டி, நல்ல கார்டு" என்று என் குட்டை முடியைப் பிடித்து இழுக்கப் பார்த்தான். பிடி கிடைக்கவில்லை.

அப்போது கரண்ட் போனது. சொல்லிவைத்தாற்போல் காற்றும் நின்றது. ஹாலில் கொஞ்சம் புழுக்கம், அவ்வளவுதான், எனக்கு வேர்க்கக்கூட இல்லை. அண்ணன் மட்டும் சட்டென்று எழுந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பின்பக்கம் போனான்.

கிணற்றடியிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஊற்றி, நின்று, மறுபடி ஊற்றி. நடுவில் தொட்டி விளிம்பில் செம்பு டக்டக்கென்று தட்டியது.

நான் போய்ப் பார்க்கவில்லை. அடுப்படியில் அம்மா, "பிள்ளைக்கி ஊரு தண்ணி சேரல போலுக்கு" என்று சொல்லிக்கொண்டே மிளகு தட்டத் தொடங்கினாள்.